ஒரு மணி நேரம் தள்ளி நின்ற செவ்வாய்

என்னை ஓரிடத்தில் உட்கார வைப்பது கடினம். நியூஜெர்சி விமானத்தில் நான் எழுந்து எழுந்து நடந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கை இளைஞர், "அங்கிள், உங்களுக்கு ஷுகரா?" என்று பரிவோடு கேட்டார். இல்லை, சுபாவம் என்றேன். ஓர இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் மாறிக்கொண்டார். பிறகு இறங்கும் வரை என்னோடு பேசவில்லை.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஒரு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுவதும், அதைப் பற்றி எழுதுவதும் என் தொழில். ஜோசியர்களுக்கும் எனக்கும் ஆகாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்குள் நான் நுழைந்தால் சொந்தக்காரர்கள் ஜாதகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். உடுமலையில் ஒரு நிச்சயதார்த்தத்தில் ஜோசியரோடு நான் போட்ட சண்டையை இன்னும் பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் இரண்டு ஊர்த் தமிழ்ச் சங்கத்தார் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே சொல்லிக்கொண்ட காரணம் அதுதான். உண்மைக் காரணம், என் தங்கை மகள் வர்ஷினிக்கு டெக்சாஸில் நிச்சயதார்த்தம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் சபை கூடாது. இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் தங்கை நான் எழுதும் எதையும் படிப்பதில்லை. இந்த ஒரு தடவை அது நல்லதாகப் போயிற்று.

நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் தங்கை வசந்தா வீட்டில் முதல் காலை, செவ்வாய்க்கிழமை. வீட்டின் எல்லாக் காரியமும் அடுப்பில் பதித்திருந்த பச்சை எழுத்துக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. சுவரில் ஒரு கடிகாரம், ஆளுக்கொரு போன் எல்லாம் உண்டு. ஆனாலும் வசந்தா அடுப்பைத்தான் பார்ப்பாள். எனக்கு ராகிக் களியும் கீரையும் போட்டுவிட்டுத் தனக்குத் தட்டு வைக்காமல் எதிரே உட்கார்ந்தாள்.

"நீ சாப்புடலையா?"

"இன்னைக்குச் செவ்வாய்க்கெழமைண்ணா. சாயங்காலம் ஆறு மணிக்கு வெளக்குப் போட்டுட்டுத்தான்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. வர்ஷினி ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று கோபிசெட்டிபாளையம் ஜோசியர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து இவள் இந்த விரதம் இருக்கிறாள். அப்போது பிள்ளை தொட்டிலில் இருந்தது. இப்போது அவள் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சன்னிவேலில், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இத்தனை வருடம் செவ்வாய்க்கிழமை தோறும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இறங்காத வயிற்றோடு, வேலைக்கும் போய், பனியில் கார் ஓட்டி வந்திருக்கிறாள். "அங்க இருக்கறது ஒரு செவப்புக் கல்லு. அதுக்கு உன்னையும் தெரியாது, உம் பொண்ணையும் தெரியாது" என்று கத்தினேன்.

"கத்தாத. கல்யாணம் வரைக்கும்தான். அதுக்குப் பொறவு நிறுத்திர்றேன்" என்றாள் வசந்தா. "இப்ப அந்தத் தோஷந்தான் எம்புள்ளைக்கு மாப்பிள்ளையக் குடுத்திருக்குது. நீ டெக்சாஸ்ல வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

விஷயம் இதுதான். ஜாதகக் கட்டத்தில் லக்னம் என்று ஒரு கட்டம். அதிலிருந்து எண்ணும்போது சில இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம். தோஷம் உள்ளவர்களுக்குத் தோஷம் உள்ளவர்களைத்தான் கட்டிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணையின் உயிருக்கு ஆகாது என்பது நம்பிக்கை. வர்ஷினியும் கார்த்திக்கும் சன்னிவேலில் பழகி, இரண்டு வருடம் வீட்டில் சொல்லப் பயந்துகொண்டிருந்தவர்கள். ஈரோட்டில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்த கார்த்திக்குக்குத் தோஷம் உண்டு. அவன் அம்மா, தோஷம் இல்லாத பெண் மருமகளாக வரவே கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். வர்ஷினி ஜாதகத்தைப் பார்த்ததும் அவரே போன் போட்டு, "எப்ப வர்றீங்க?" என்று கேட்டுவிட்டாராம்.

சனிக்கிழமை பார்சிப்பனியில் என் பேச்சு. வசந்தாவும் வந்தாள், மச்சான் சண்முகம் கார் ஓட்டினார். அவர் பேசுகிற ஆள் இல்லை. அந்தப் பேச்சையெல்லாம் ஆக்சிலரேட்டரில் காட்டுவார். ஃப்ரீவேயில் ஒரு நீள லாரியை அவர் முந்தும்போது, லாரி பின்னோக்கிப் போவது போலத் தெரிந்தது. நான் சீட்டில் துள்ளி, "இதான் மச்சான், இதான்!" என்றேன். "என்ன, ஸ்பீடு டிக்கெட்டா?" என்று அவர் கண்ணாடியில் போலீஸைத் தேடினார்.

ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். வெண்பொங்கலும் வடையும் பின்வரிசையில் மணத்தன. நான் அந்த லாரியிலிருந்தே ஆரம்பித்தேன். செவ்வாய் வானத்தில் கிழக்கே நடந்துகொண்டே இருக்கும். திடீரென்று நின்று, பின்னால் நடந்து, மறுபடியும் முன்னால் திரும்பும். ஜோசியர்கள் வக்ரம் என்பார்கள். பூமி அசையாமல் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு இந்தக் கோணல் நடைக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் கணக்குப் போட்டு மாய்ந்தார்கள். வட்டத்தின் மேல் வட்டம், அதன் மேல் இன்னொரு வட்டம். போலந்துக்காரப் பாதிரியார் ஒருவர்தான் சூரியனை நடுவில் தூக்கி வைத்து, நாம்தான் செவ்வாயை முந்திக்கொண்டு போகிறோம் என்றார். சாகிற வயதுவரை அதை அச்சுக்குக் கொடுக்கத் தயங்கினார்.

அவருக்குப் பின்னால் வந்த ஒரு ஜெர்மானியர் இந்தச் செவ்வாயோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, பாதை வட்டமே இல்லை, நீள்வட்டம் என்று கண்டுபிடித்தார். நவீன வானியல் பிறந்ததே செவ்வாய் ஒழுங்காக நடக்காததால்தான் என்றேன். கைதட்டினார்கள். பெயர்களைச் சொல்லி உங்களைப் பரீட்சைக்கு உட்கார வைக்கப்போவதில்லை. எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான்.

பேச்சின் முடிவில் எப்போதும் போல அந்த இத்தாலிக்காரரிடம் வந்தேன். தொலைநோக்கியில் வியாழனைச் சுற்றும் நிலவுகளைப் பார்த்தவர். பூமி சுற்றுகிறது என்று எழுதியதற்காக வயதான காலத்தில் அவரை மண்டியிட வைத்து, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வைத்தார்கள். இந்த இடம் வந்தால் எனக்குக் குரல் ஏறிவிடும். "தெரிஞ்ச உண்மையை ஒருத்தன் ஏன் விட்டுக்கொடுக்கணும்?" என்று மேஜையைத் தட்டினேன். தண்ணீர் பாட்டில் உருண்டு முன்வரிசைக்குப் போனது.

கேள்வி நேரத்தில் ஒருவர் பொங்கல் தட்டோடு எழுந்தார். "சார், சூப்பரா எக்ஸ்பிளைன் பண்ணீங்க. அடுத்த சனிப் பெயர்ச்சி துலாத்துக்கு எப்படி சார்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மச்சான் என்னைக் காருக்கு இழுத்துப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் வசந்தா நல்ல மனநிலையில் இருந்தாள். வர்ஷினி நியூஜெர்சியில் பிறந்த கதையைச் சொன்னாள். ஆவணி மூன்றாம் வாரம், இரவெல்லாம் வலி, ஆஸ்பத்திரி ஜன்னல் கிழக்குப் பார்த்தது. "மரத்துக்கு மேல சூரியன் எட்டிப் பாக்குது, இவ வீல்னு கத்தறா. ரெண்டும் ஒரே நேரம்ணா. நர்ஸ்கூட ஜன்னலக் காட்டி என்னமோ சொல்லிச் சிரிச்சா." எனக்கு அது அழகான காட்சியாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

மறுநாள் காலை தாம்பாளத்தில் வைக்க வேண்டிய சாமான்களை எடுத்துக் கட்டினோம். மஞ்சள் தடவிய ஜாதகத்தை வசந்தா என்னிடம் கொடுத்து, தாய்மாமன் கையால் வை என்றாள். என்னை நம்பி அவள் ஒரு ஜாதகத்தைக் கையில் கொடுத்தது அதுவே முதல் தடவை. கட்டத்தைப் பார்த்தேன். சூரியன் ஒரு கட்டத்தில் இருந்தது. லக்னம் அடுத்த கட்டத்தில் இருந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு குழந்தை பிறக்கும் நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி ஏறுகிறதோ அதுதான் லக்னம். சூரியன் உதிக்கும்போது பிறந்தால் சூரியன் கிழக்கு அடிவானத்தில்தான் இருக்கும். ஆக, சூரியன் நிற்கும் கட்டமேதான் லக்னம். அடுத்த கட்டத்துக்கு லக்னம் போயிருக்கிறதென்றால், ஜோசியர் கணக்கில் சூரியன் உதித்து வெகு நேரம் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது. ஓரத்தில் எழுதியிருந்த பிறந்த நேரமும் உதயத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பின்னால்தான் இருந்தது.

அமெரிக்காவில் கோடைக்கு முன்பு கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள், நவம்பரில் பின்னுக்கு இழுத்துவிடுகிறார்கள். ஆவணி அங்கே தள்ளிவைத்த காலம். ஆஸ்பத்திரிக் கடிகாரம் காட்டிய நேரத்தை மச்சான் போனில் அப்படியே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து ஒரு மணியைக் கழிக்க வேண்டும் என்று கோபிசெட்டிபாளையத்தில் யாருக்குத் தெரியும்? அங்கே கடிகாரம் நின்றுபோனால்தான் அதைத் தொடுவார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். தப்பான லக்னத்திலிருந்து செவ்வாய் நான்காம் இடம், தோஷம். சரியான லக்னத்திலிருந்து ஐந்தாம் இடம். தோஷம் இல்லை. இருந்ததே இல்லை.

வாய் வரை வந்துவிட்டது. வசந்தா வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டே ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் இத்தனை வருடப் பயம் அவளை விட்டுப் போகும். கூடவே கல்யாணமும் போகும். ஜாதகத்தைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, "நடந்துட்டு வர்றேன்" என்று வெளியே போனேன்.

அமெரிக்கப் புறநகரில் காரணமில்லாமல் நடக்கிறவனை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி புல். மூன்றாவது முறை அதே தெருவைச் சுற்றியபோது ஓர் அம்மாள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "வழி தெரியாமல் அலைகிறீர்களா?" என்று கேட்டார். கொஞ்சம் அப்படித்தான் என்றேன். அவர் என்னை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டார். எங்கள் ஊரில் இதற்குள் நாலு பேர் கூடவே நடந்து வந்து காரணம் கேட்டிருப்பார்கள்.

அன்று மாலையே சன்னிவேலுக்குப் பறந்தேன். விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்துவிடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். நான் ஏறியது அங்கே நிற்காத வண்டி. சன்னிவேல் ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே ஓடியது, நடைமேடையில் வர்ஷினியும் ஓடினாள். எதிரே இருந்த ஒருவர் காதிலிருந்து பாட்டை எடுத்துவிட்டு, "கவலைப்படாதீர்கள், எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்" என்றார். நம் ஊர் என்றால் சங்கிலியை இழுக்கலாமா என்று பெட்டியே விவாதித்திருக்கும். இறங்கி, எதிர்வண்டி பிடித்து, அசடு வழிந்துகொண்டு வந்து சேர்ந்தேன்.

வர்ஷினி என்னை எல் கமினோ சாலையில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாள். தோசைக்குள் சீஸ் வைத்து ஏதோ ஒரு கிரகத்தின் பெயர் சூட்டியிருந்தார்கள். நான் பொடி இட்லி சொன்னேன். வர்ஷினிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும், "மாமா" என்ற ஒரு சொல்லைத் தவிர. அவள் பேசியதைத் தமிழாக்கித் தருகிறேன்.

இட்லி வருவதற்குள் சொல்லிவிட்டேன். சூரியன், ஜன்னல், ஒரு மணி நேரம், எல்லாம். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள்.

"எனக்குத் தெரியும், மாமா."

"எப்படி?"

"என் வேலையே அதுதான். உலகத்தில் எந்த ஊரில் எப்போது கடிகாரத்தை மாற்றுகிறார்கள் என்று கணக்கு வைக்கிற புரோகிராம் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தேன்."

அன்றே அம்மாவுக்குப் போன் செய்ய நினைத்தாளாம். அடுத்த மாதம் போகும்போது நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அதற்குள் கார்த்திக்கைப் பார்த்துவிட்டாள். அவன் அம்மாவின் நிபந்தனையும் தெரிந்துவிட்டது.

"உங்கம்மா வாரா வாரம் பட்டினி கிடக்கறாளே!" என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

அவள் கண் கலங்கியது. "ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் அம்மாவுக்குப் போன் செய்வதில்லை. அவள் குரல் களைத்திருக்கும். என்னால் கேட்க முடியாது" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "கார்த்திக்கை இழக்கவும் முடியாது. நீங்கள் சொல்லக் கூடாது, மாமா."

இது பொய் என்றேன். நான் வாழ்நாள் முழுக்க எதற்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியுமா என்றேன். அவள் இட்லியைப் பிட்டு எண்ணெயில் தோய்த்தபடி கேட்டாள்:

"அந்த இத்தாலிக்காரர் மண்டியிட்டார். அதற்காகப் பூமி நின்றுபோய்விட்டதா?"

அந்தக் கோணத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. நடுவில் ஒரு மாலை சன்னிவேலில் நடந்த பேச்சில் இத்தாலிக்காரர் பகுதியை அவசரமாக முடித்துவிட்டு உட்கார்ந்தேன். என்ன, சீக்கிரம் முடித்துவிட்டீர்களே என்று சங்கத்துக்காரர் கவலைப்பட்டார். ஜெட்லாக் என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது.

வெள்ளிக்கிழமை டெக்சாஸ். எல்லாமே பெரிது என்று கேள்விப்பட்டிருந்தேன், அது உண்மைதான். சாலை, கார், டம்ளர், வானம். மரமும் மேடும் மறைக்காத வானத்தை நான் நெடுநாள் கழித்து அங்கேதான் பார்த்தேன். சாயங்காலம் கார்த்திக் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், "செவ்வாய் எதுங்க மாமா?" என்று கேட்டான். அந்த வாரம் செவ்வாய் சூரியனை ஒட்டி நின்றதால் கண்ணில் படாது. குற்றவாளி தலைமறைவு என்றேன். சிரித்தான். நல்ல பையன். எனக்கு அவனைப் பிடிக்காமல் இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

கார்த்திக்கின் அம்மா சாந்தாமணி அரிசிம்பருப்புச் சாதம் செய்து, நெய்யைத் தாராளமாக ஊற்றினார். ஒரு பிடிவாதக்காரியை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் சோற்றைக் கிளறியபடி, கேட்காமலே சொன்னார்.

"ஏனுங்கண்ணா, நீங்க இதெல்லாம் நம்ப மாட்டீங்கன்னு வசந்தா சொன்னாங்க. எனக்கும் பெருசா நம்பிக்கை இல்லாமத்தான் இருந்துச்சு. எந்தம்பிக்குத் தோஷம் பாக்காமக் கட்டி வெச்சோம். நாந்தான் முன்ன நின்னு பண்ணி வெச்சேன். வருசம் திரும்பல, பைக்ல போனவன் வரவேயில்ல. அந்தப் பொண்ணு மொகத்த நான் இன்னும் பாக்க முடியாதுங்." கரண்டியை வைத்துவிட்டார். "எம் பையனுக்கு அப்படி ஒண்ணு நடந்தா நான் தாங்க மாட்டனுங். அவ்வளவுதான்."

சாதத்தைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். ஜோசியரோடு சண்டை போடுவேன், ஜோசியத்தோடும் போடுவேன். தம்பியைப் பறிகொடுத்தவரிடம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயதார்த்தம். அன்றைக்குப் பார்த்து அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னுக்கு இழுக்கும் நாள். போன்கள் தாமே மாறிக்கொண்டன, மற்றவை மாறவில்லை. ஐயர் தன் கார்க் கடிகாரத்தை நம்பி ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். சமையல்காரர் போனை நம்பிப் பின்னால் வந்தார். நடுவில் ஐயருக்குக் காபி கொடுத்துக் கொடுத்து ஒரு டிக்காஷனே தீர்ந்தது. வசந்தா பட்டுப் புடவையில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். நானும் ஓடினேன். எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

தட்டு மாற்றும் முன் கோபிசெட்டிபாளையம் ஜோசியரை வீடியோவில் கூப்பிட்டார்கள். அங்கே இருட்டிவிட்டிருந்தது. விபூதிப் பட்டையோடு பெரிய டிவித் திரையில் வந்து ஆசீர்வாதம் செய்தார். அவரை ஒரு மணி நேரம் காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கும் விதமாகச் சாந்தாமணி சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஊர்ல வருசத்துக்கு ரெண்டு வாட்டி கடியாரத்த மாத்திப் போட்டுர்றாங்க சாமி. ஐயரே ஒரு மணி நேரம் முன்னால வந்துட்டாருங்."

திரையில் ஜோசியர் குனிந்தார். "என்னம்மா சொல்றீங்? நேரத்தையே மாத்துவாங்களா?"

"ஆமாங். வெயில் காலத்துக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு."

ஜோசியரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மனுஷர் மட்டி இல்லை. "பொண்ணு பொறந்தது ஆவணிங், குளிருக்கு முந்திங்களே" என்றார் மெதுவாக. "அப்பக் குடுத்த நேரம் மாத்துன நேரமுங்களா, மாத்தாத நேரமுங்களா?"

வர்ஷினி கையிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் கூரையைப் பார்த்தார். வசந்தாவுக்குப் பாதி புரிந்து, பாதி புரியாமல் என்னைப் பார்த்தாள். சாந்தாமணியும் என்னைத்தான் பார்த்தார். "அண்ணா, நீங்க சொல்லுங். வானத்தப் பத்தி உங்களவிட இங்க ஆருக்குத் தெரியும்?"

எத்தனையோ மேடைகளில் அந்த இத்தாலிக்காரர் ஏன் விட்டுக்கொடுத்தார் என்று கேட்டவன் நான். அவர் முன்னால் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், அவர் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் வர்ஷினி பூவிலிருந்து ஓர் இதழைப் பிய்த்தாள்.

"அந்த ஒரு மணியக் கழிச்சுத்தான் அப்ப நேரம் குடுத்திருக்குதுங்க" என்றேன். "நானே கணக்குப் பாத்துட்டேன். சரியா இருக்குது."

"அப்பச் சரிங், அப்பச் சரிங்" என்றார் ஜோசியர். என்னைவிட அவருக்குத்தான் நிம்மதி. சாந்தாமணி கண்ணை ஒற்றிக்கொண்டு, "நீங்க சொன்னாச் சரிங்கண்ணா" என்றார். அந்த ஒரு சொல் என்னைக் குத்தியது. ஜாதகத்தை நம்பாதவன் என்பதாலேயே அந்த அம்மாள் என்னை நம்பினார். வெட்கமாக இருந்தது. தட்டு மாற்றி, எனக்குப் பட்டுத் துண்டு போர்த்தி, வர்ஷினி காலில் விழுந்து எழுந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. தமிழில், "தேங்ஸ் மாமா, ரொம்ப" என்றாள். மூன்று சொல்லும் தமிழ்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் மறுபடியும் மான்மவுத் ஜங்ஷன். செவ்வாய்க்கிழமை காலை. வசந்தா எனக்கு இட்லி வைத்தாள், தனக்குத் தட்டு வைக்கவில்லை. இல்லாத தோஷத்துக்காகக் காய்ந்த உதட்டோடு எதிரே உட்கார்ந்து, டெக்சாஸ் மருமகன் புராணத்தை ஆரம்பித்தாள். ஒரு வாக்கியம் போதும். "வசந்தா, சாப்புடு, ஒன்னுமே கிடையாது" என்று சொன்னால் போதும். அவள் மனதில் எதுவும் தங்காது. ஒரு மணி நேரத்தில் டெக்சாஸுக்குப் போன் போய்விடும்.

தட்டைத் தள்ளிவைத்தேன். "எனக்கும் இன்னைக்கு வேண்டாம்."

"ஏண்ணா, ஒடம்புக்கு என்ன?"

"ஒன்னும் இல்ல. உங்கூட இருந்து பாக்கறேன்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உடுமலைக்காரங்க கேட்டா நம்ப மாட்டாங்க" என்றாள்.

பட்டினி இருப்பது எனக்கு வராத வேலை. மத்தியானத்துக்குள் வீட்டைப் பத்து முறை சுற்றினேன். தலை வலித்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடினேன். வசந்தா லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது பழகிப்போயிருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

குளிர்காலம் நெருங்கியதால் சீக்கிரம் இருட்டியது. வசந்தா கை கால் கழுவி, விளக்கேற்ற வந்தவள், வழக்கம் போல அடுப்பைப் பார்த்தாள். பச்சை எழுத்தில் ஆறு மணி. "அட, ஆறாயிருச்சா, இன்னைக்குச் சீக்கிரம் போயிருச்சு" என்றாள்.

ஆகவில்லை. என் கை வாட்சில் ஐந்து மணிதான். இரண்டு நாளாக அந்தக் கடிகாரத்தை யாரும் பின்னுக்கு இழுக்கவில்லை. மச்சான் மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடிகாரம் தப்பாக ஓடினால் என் கை சும்மா இருக்காது, யார் வீடானாலும் ஏறித் திருத்திவிடுவேன். வசந்தா விளக்கை ஏற்றினாள். வெந்நீரில் தேன் கலந்து இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை ஒரே மூச்சில் குடித்தாள்.

ஒரு மணி நேரமாவது அவளுக்குத் திரும்பக் கிடைக்கட்டும் என்று, வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நானும் குடித்தேன்.